மகோண்டோ கிணற்றின் நுரை சிமென்ட்: நான்கு ஆய்வகச் சோதனைகளும் அவற்றைத் தொடர்ந்தவையும்

2010 ஏப்ரல் 20 அன்று, நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில், மெக்சிகோ வளைகுடாவில் நின்றிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் துளைமேடையில் மகோண்டோ எண்ணெய்க் கிணற்றின் கடைசி உறைகுழாய்க்கு (துளையின் சுவரைத் தாங்க உள்ளே இறக்கும் எஃகுக் குழாய்க்கு)ச் சிமென்ட் செலுத்தும் பணி நிறைவடைந்தது. உள்ளே சென்றது மொத்தம் சுமார் 60 பீப்பாய், அதாவது பத்துக் கன மீட்டருக்கும் குறைவான குழம்பு. அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன்பு கிணறு பொங்கி எழுந்து மேடை தீப்பற்றியது. 11 பேர் உயிரிழந்தனர். இரண்டு நாளில் மேடை கடலில் மூழ்கியது. ஜூலை 15 வரை, 87 நாட்கள், எண்ணெய் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த விபத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி மேடையில் நடந்த தவறான முடிவுகளையும், கிணறு பொங்கினால் அதன் வாயை மூட வேண்டியிருந்தும் வேலை செய்யாமல் போன வெடிப்புத் தடுப்பானையும் சுற்றியே அமைந்தது. அவை அனைத்தும் உண்மை. ஆனால் எண்ணெயும் வாயுவும் கிணற்றுக்குள் நுழைந்தது அடியில் இருந்த சிமென்ட் அடைக்கத் தவறியதால்தான் என்பதில் அமெரிக்க அதிபர் நியமித்த தேசிய ஆணையத்துக்கு ஐயம் இருக்கவில்லை. அந்தச் சிமென்ட் கடலுக்கு அடியில் போவதற்கு முன் ஓர் ஆய்வக மேசையில் இருந்தது. அங்கே அது காட்டிய அறிகுறிகள், அவற்றைப் படித்தவர்கள், படிக்க வேண்டியிருந்தும் படிக்காதவர்கள் ஆகியவற்றையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது.

நுரை எதற்காக

மகோண்டோவில் கடலின் ஆழமே ஏறத்தாழ 5,000 அடி. கிணற்றின் அடிப்பகுதி 18,360 அடியில், அதாவது 5,600 மீட்டரை ஒட்டி இருந்தது. எண்ணெய்ப் படிவத்தில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 12,000 பவுண்டு. இந்த அழுத்தத்தை அடக்கக் கிணற்றுக்குள் கனமான திரவம் நிற்க வேண்டும். ஆனால் அதே ஆழத்துப் பாறையோ பலவீனமானது. திரவம் சற்றுக் கனம் கூடினாலும் பிளந்து விழுங்கிவிடும். ஏப்ரல் 9 அன்று அப்படித்தான் நடந்தது. துளைச்சேறு, அதாவது துளையிடும்போது கிணற்றை நிரப்பி நிற்கும் கனமான திரவம், பாறைக்குள் போய்விட, இழப்பைக் கட்டுப்படுத்திய பின் இன்னும் சிறிது தூரம் மட்டும் துளைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். படிவ அழுத்தத்துக்கும் பாறை பிளக்கும் அழுத்தத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி அவ்வளவு குறுகலானது.

சாதாரணச் சிமென்ட் குழம்பின் அடர்த்தி இந்த இடைவெளிக்குள் அடங்காது. மகோண்டோவுக்கு வடிவமைக்கப்பட்ட அடிப்படைக் குழம்பு காலனுக்கு 16.74 பவுண்டு, அதாவது தண்ணீரைப்போல் இரண்டு மடங்கு கனம் கொண்டது. அதில் நைட்ரஜனைச் செலுத்தி நுண்குமிழிகளாக்கி 14.5 பவுண்டுக்குக் குறைப்பது திட்டம். 60 பீப்பாயில் முன்னால் சென்ற 5 பீப்பாயும் கடைசி 7 பீப்பாயும் நுரையில்லாதவை. நடுவில் இருந்த 48 பீப்பாய் நுரைத்தது. எண்ணெய்ப் படிவத்தின் எதிரே, உறைகுழாய்க்கும் பாறைக்கும் நடுவிலான வளையவெளியில் நின்று அடைக்க வேண்டிய பொறுப்பு இந்த நடுப்பகுதியுடையது.

நுரை சிமென்ட் புதிய பொருளன்று. ஆழ்கடல் கிணறுகளின் மேற்பகுதி உறைகுழாய்களுக்கு அதை வெற்றிகரமாகப் பயன்படுத்திய அனுபவம் துறையில் இருந்தது. ஆனால் இவ்வளவு ஆழத்தில், உற்பத்தி உறைகுழாய்க்கு, இவ்வளவு சிறிய அளவில் செலுத்துவது வேறு. கொள்ளளவு சிறிதாக இருக்கும்போது குழம்பின் ஒரு பகுதி சேற்றோடு கலந்து கெட்டாலும் மீதி காப்பாற்றும் என்று நம்ப வழியில்லை. மகோண்டோவில் பயன்பட்டது செயற்கை எண்ணெய் அடிப்படையிலான துளைச்சேறு. எண்ணெய் பட்டால் நுரை உடைவது சிமென்ட்காரர்கள் அனைவரும் அறிந்த செய்தி.

குழம்பில் இருந்தவை

எண்ணெய்க் கிணற்றுச் சிமென்டைப் பொறுத்தவரை, சிமென்ட் என்ற சொல்லைவிடச் சேர்பொருட்களின் பட்டியலே முக்கியம். அடிப்படையில் எச் வகை சிமென்ட். உயர்வெப்பத்தில் இறுகிய சிமென்ட் நாளடைவில் வலிமை இழப்பதைத் தடுக்க அதனுடன் மாவாகவும் நுண்மணலாகவும் சேர்ந்து 35 சதவீதம் சிலிக்கா. களிமண் பாறையைக் காக்கப் பொட்டாசியம் குளோரைடு. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர். நுரையை உண்டாக்கி நிலைநிறுத்தும் நுரையூக்கி. இவற்றோடு டி-ஏர் 3000 என்ற நுரையடக்கியும் இருந்தது.

நுரைக்க வேண்டிய குழம்பில் நுரையை அடக்கும் பொருள் இருந்ததற்குக் காரணம் எளியது. மேடையில் இருந்த உலர்கலவை இந்தக் கிணற்றுக்காகவே கலக்கப்பட்டதன்று. முந்தைய கிணற்றுப் பணியில் மீந்தது. அங்கே நுரையில்லாக் குழம்புக்காகச் சேர்த்த நுரையடக்கி அதனுள் ஏற்கனவே கலந்துவிட்டது. உலர்பொடியில் கலந்த ஒன்றைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை. புதுக் கலவையைக் கரையிலிருந்து கொண்டுவருவதா, இருப்பதையே நுரையூக்கி சேர்த்துப் பயன்படுத்துவதா என்ற கேள்விக்கு இரண்டாவது விடையே தேர்வாயிற்று. என் கணிப்பில், பின்னால் வந்த ஆய்வகச் சிக்கல்கள் அனைத்துக்கும் விதை இங்கே விழுந்தது. நுரையூக்கி குமிழின் படலத்தை உறுதியாக்குகிறது. நுரையடக்கி அதே படலத்தை மெலிதாக்கி உடைக்கிறது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுவிட்டு எது வெல்லும் என்று கேட்டால், விடை சொல்லக்கூடியது சோதனை மட்டுமே. ஆகவே அந்தச் சோதனை வழக்கமான சடங்காக இல்லாமல், இந்தப் பணியின் மையக் கேள்வியாக நின்றிருக்க வேண்டும்.

கண்ணாடிக் குவளைக்குள்

நுரை நிலைத்தன்மைச் சோதனையைப் பார்த்திராதவர்களுக்கு அதைச் சற்று அருகில் காட்ட விரும்புகிறேன். முதலில் அடிப்படைக் குழம்பைக் கலக்கியில் கலந்து, கிணற்றுக்குள் இறங்கும் வழியில் அது படும் வெப்பத்தையும் அசைவையும் ஒத்த நிலையில் குறிப்பிட்ட நேரம் சுழலவிடுவார்கள். இதற்குப் பதப்படுத்தல் என்று பெயர். பிறகு அளந்தெடுத்த குழம்பை, பல அடுக்கு அலகுகள் கொண்ட மூடிய கலக்கிச் சாடியில் நுரையூக்கியோடு ஊற்றி மிகுந்த வேகத்தில் சில நொடிகள் சுழற்றுவார்கள். சாடியில் எவ்வளவு குழம்பு போட்டால், அது நுரைத்துச் சாடி நிறையும்போது வேண்டிய அடர்த்தி கிடைக்கும் என்று முன்பே கணக்கிடப்பட்டிருக்கும். சாடி நிறையாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

நுரைத்ததை 250 மில்லிலிட்டர் அளவு உருளையில் ஊற்றி இரண்டு மணி நேரம் அசையாமல் வைக்கும்போது, நல்ல நுரை சவரக் குழைவைப்போல மேலிருந்து கீழ்வரை ஒரே நிறமாக நிற்கும். கெட்ட நுரையோ தன்னைக் காட்டிக்கொடுக்கும்: மேற்பரப்பில் குமிழிகள் பெருத்து வெடிக்கும்; கண்ணாடிச் சுவரோரம் கருமையான கோடுகள் இறங்கும்; மேலே மெல்லிய நீர்ப்படலம் தெளியும்; நுரையின் மட்டம் தாழும். அதே நுரையை மற்றொரு குழாயில் இறுகவிட்டு, இறுகிய தண்டைத் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் காற்றிலும் நீரிலும் நிறுத்து அடர்த்தி காண்பார்கள். மேல்துண்டு இலேசாகவும் அடித்துண்டு கனமாகவும் வந்தால் வாயு மேலேறிவிட்டது என்று பொருள். எல்லாத் துண்டுகளுமே திட்டமிட்டதைவிடக் கனமாக வந்தால் வாயு வெளியேறிவிட்டது என்று பொருள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் நுரை வளிமண்டல அழுத்தத்தில் உண்டாகிறது. கிணற்றடியில் குமிழுக்குள் இருக்கும் நைட்ரஜன் நசுங்கி, தண்ணீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பாதியை எட்டிவிடுகிறது. 16.74 பவுண்டுக் குழம்பை அங்கே 14.5 ஆக்கக் கொள்ளளவில் 18 சதவீதத்தை ஒட்டி வாயு தேவைப்படுகிறது. மேடை மட்டத்தில் அதே வாயு நுரையின் பாதிக்கு மேல் இடம் பிடிக்கும். ஆய்வகத்தில் 14.5 என்ற அடர்த்தியை அப்படியே காக்க நினைத்தால் வாயுவின் பங்கு 13 சதவீதமாகத்தான் வரும். வாயுப் பங்கைக் காக்க நினைத்தால் அடர்த்தி 13.7-க்கு அருகே இறங்கும். இரண்டையும் ஒருசேரக் காக்க இயலாது. ஆகவே உருளையில் நின்ற நுரை கிணற்றிலும் நிற்கும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் உருளையிலேயே சரியும் நுரையைக் கிணற்றில் நிற்கும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சோதனையின் பயன் இந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது.

நான்கு சோதனைகள்

சிமென்ட் பணியைச் செய்த ஹாலிபர்ட்டன் நிறுவனம், விபத்துக்கு முன் குறைந்தது நான்கு நுரை நிலைத்தன்மைச் சோதனைகளை நடத்தியிருந்ததை ஆணையத்தின் தலைமை வழக்கறிஞர் 2010 அக்டோபர் 28 தேதியிட்ட கடிதத்தில் வெளிப்படுத்தினார். முதல் இரண்டும் பிப்ரவரியில் நடந்தவை. கலவையும் கிணற்று வடிவமைப்பும் இறுதியானவற்றிலிருந்து சற்று வேறுபட்டிருந்த அந்தச் சோதனைகளில் நுரை நிலைக்கவில்லை. அவற்றில் ஒன்றின் தரவு மார்ச் 8 அன்று கிணற்று உரிமையாளரான பிபி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் இணைப்பாகச் சென்றது. அனுப்பியவர்கள் அதன் பொருளைச் சுட்டிக்காட்டியதற்கோ, பெற்றவர்கள் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கோ அடையாளம் இல்லை.

மூன்றாவது சோதனை, கலவை பெரும்பாலும் முடிவான பின், வெடிப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பு நடந்தது. அதுவும் நிலையின்மையையே காட்டியது. நான்காவதை, நடைமுறையை மாற்றி, பதப்படுத்தும் நேரத்தைக் கூட்டி நடத்தினார்கள். அதில்தான் முதன்முறையாக நுரை நிலைத்தது. இந்த முடிவு ஏப்ரல் 19 மாலைக்கு முன் பிபியிடம் இல்லை; ஹாலிபர்ட்டனிடமே இருந்ததா என்பதும் ஐயம். நிலைத்த நுரை என்று சொல்லும் ஒரு தாள்கூடக் கையில் இல்லாமலே பம்ப் இயங்கியிருக்கக்கூடும் என்று ஆணையத்தின் கடிதம் குறிப்பிட்டது.

நடைமுறையை மாற்றுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பதப்படுத்தும் நேரம் கிணற்றில் குழம்பு பயணிக்கும் நேரத்தோடு பொருந்துவதாக இருந்தால் மாற்றத்துக்கு நியாயம் உண்டு. நீண்ட நேரம் சுழன்ற குழம்பு சற்றுக் கெட்டிப்படும், கெட்டிப்பட்ட குழம்பு குமிழியைப் பிடித்து நிறுத்தும். ஆகவே முடிவு மாறியதில் வியப்பில்லை. ஆனால் மேடையில் நைட்ரஜன் சேர்வது குழம்பு கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன்பு. கலந்த சில நிமிடங்களில் நுரைத்துவிடுகிறது. பல மணி நேரம் வெப்பத்தில் சுழன்ற குழம்பை நுரைப்பது அந்த வரிசைக்கு நேர்மாறானது. மூன்று முறை தோற்ற கலவை நான்காம் முறை வென்றால், வென்ற முறையின் நிபந்தனைகளை மற்ற மூன்றின் நிபந்தனைகளோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் அதை ஏற்க எந்த ஆய்வகத்துக்கும் உரிமை இல்லை என்றே கருதுகிறேன்.

எட்டும் ஒன்பதும்

இந்த நிகழ்வில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட பகுதி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது. கடிதம் வெளியான அன்று ஹாலிபர்ட்டன் தன் தரப்பை விளக்கியது. பிப்ரவரிச் சோதனைகள் முன்னோட்டமானவை, ஏப்ரலின் முதல் சோதனை ஆய்வகம் சிமென்ட் கலவையைச் சரியான அளவில் பயன்படுத்தாததால் பொருத்தமற்றது, சரியாகச் செய்த அடுத்த சோதனையில் நுரை நிலைத்தது என்பது அதன் வாதம். அதோடு மற்றொரு செய்தியையும் அது தானே தெரிவித்தது. நூறு மூட்டைச் சிமென்டுக்கு எட்டு காலனாக இருந்த ரிட்டார்டரை ஒன்பது காலனாக உயர்த்தும்படி பிபி கேட்டதாகவும், ஒன்பது காலன் கலவைக்கு இறுகும் நேரமும் அமுக்க வலிமையும் சோதிக்கப்பட்டு முடிவுகள் பணிக்கு முன் பகிரப்பட்டதாகவும், நுரை நிலைத்தன்மை மட்டும் அந்தக் கலவைக்குச் சோதிக்கப்படவில்லை எனவும் அது கூறியது.

கிணற்றுக்குள் போனது ஒன்பது காலன் கலவை.

நூறு மூட்டைக்கு ஒரு காலன் கூடுவது பொடியும் நீரும் சேர்ந்த மொத்தத்தில் மிகச் சிறிய மாற்றம்தான். ஆனால் அது செய்யும் வேலை சிறியதன்று. இறுகுவது தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரமும் குமிழிகள் கூடுதலாக ஒரு மணி நேரம் திரவத்துக்குள் தாக்குப்பிடிக்க வேண்டும். சிறு குமிழியின் வாயு பெருங்குமிழிக்குக் கசிந்துபோவதும், படலத்தின் நீர் வடிவதும், அண்டைக் குமிழிகள் ஒன்றாவதும் காலத்தோடு கூடிக்கொண்டே போகும் செயல்கள். ரிட்டார்டர்களில் பல குழம்பை இளக்கவும் செய்யும். இளகிய குழம்பு குமிழியைப் பிடிப்பதில்லை. ஆகவே நுரை சிமென்டில் ரிட்டார்டரை மாற்றுவது நுரையையே மாற்றுவதற்குச் சமம். இறுகும் நேரத்தை அளக்கும் கன்சிஸ்டோமீட்டர் நுரையில்லாக் குழம்பைத்தான் சுழற்றுகிறது. அது தரும் வளைகோட்டில் குமிழியின் தலைவிதி பதிவாவதில்லை.

மறுசோதனைகள்

பிபி தன் உள்விசாரணைக்காக ஒரு தனி ஆய்வகத்தில் ஒப்பான பொருட்களைக் கொண்டு குழம்பை மறுபடி உருவாக்கியது. நிலையான நுரை கிடைத்திருப்பது அரிது என்று 2010 செப்டம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை கூறியது. அசல் பொருட்கள் பயன்படுத்தப்படவில்லை என்ற மறுப்பு உடனே எழுந்தது. அது நியாயமான மறுப்பு, ஏனெனில் சிமென்டின் நுண்மை சற்று மாறினாலும் நுரை வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

ஆகவே ஆணையம், இந்த வழக்கில் தொடர்பற்ற செவ்ரான் நிறுவனத்தின் ஆய்வகத்தை நாடியது. இம்முறை பொருட்களை ஹாலிபர்ட்டனே வழங்கியது. மகோண்டோவில் பயன்பட்ட அதே தொகுதியிலிருந்து வந்தவை அல்ல என்றாலும் வகையில் ஒன்றே. செவ்ரான் பெற்ற பிற பண்புகள் ஹாலிபர்ட்டனின் பதிவுகளோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. நுரை நிலைத்தன்மையில் மட்டும் ஒன்பது சோதனைகளிலும் நிலையான நுரையை உருவாக்க முடியவில்லை. மற்றவை ஒத்துப்போனதால்தான் இந்த ஒன்பதின் கனம் கூடுகிறது: கலவை தவறாகக் கலக்கப்பட்டிருந்தால் இறுகும் நேரமும் வலிமையும் விலகியிருக்க வேண்டும்.

இதை வைத்து நுரை ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவது ஆய்வு முறைக்கு ஏற்றதாகாது. உறைகுழாயை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்கள் 21 வேண்டும் என்று கணினி மாதிரி காட்டியும் 6 மட்டுமே இறங்கின. கிணற்றடிச் சேறு மேடைக்கு வந்துசேரும்வரை சுழற்ற 2,760 பீப்பாய் தேவைப்பட்ட இடத்தில் சுமார் 350 பீப்பாயோடு நிறுத்தினார்கள். சிமென்டின் பிணைப்பைப் பதிவு செய்ய மேடைக்கு வந்திருந்த ஷ்லம்பர்ஜர் குழு வேலை எதுவும் செய்யாமல் ஏப்ரல் 20 காலையில் திருப்பி அனுப்பப்பட்டது. அன்று மாலை, கிணற்றுக்குள் அழுத்தத்தைக் குறைத்து அடைப்பு தாங்குகிறதா என்று பார்க்கும் எதிர்மறை அழுத்தச் சோதனையின் அளவீடுகள் தவறாகப் படிக்கப்பட்டன. நல்ல நுரையைக்கூட இந்தச் சூழல் கெடுத்திருக்கக்கூடும். சிமென்ட் தோற்றதற்கான துல்லியமான வழி எது என்பதில் ஆணையமும் இறுதிச் சொல் கூறவில்லை. 2014 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் பொறுப்பைப் பங்கிட்டபோது பிபிக்கு 67, மேடை உரிமையாளர் டிரான்ஸ்ஓஷனுக்கு 30, ஹாலிபர்ட்டனுக்கு 3 சதவீதம் என்று வகுத்தது. ஆயினும் மேலே சொன்ன தவறுகளில் ஒவ்வொன்றும் நடந்த வேளையில், அடியில் உள்ள நுரை ஐயத்துக்குரியது என்று ஒருவர் அறிந்திருந்தால் அந்த முடிவு அவ்வளவு எளிதாக எடுக்கப்பட்டிருக்காது. பிணைப்புப் பதிவுக் குழுவைத் திருப்பி அனுப்பியவர் கையில் மூன்று தோல்விச் சோதனைகளின் முடிவு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நினைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

பின்னர் நடந்த ஆய்வுகள்

விபத்துக்குப் பின் அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய எரிசக்தித் தொழில்நுட்ப ஆய்வகம் நுரை சிமென்டைத் தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. பணிக்களத்தில் பயன்படும் கருவிகளால் உண்டாக்கிய நுரையை அழுத்தம் குலையாமல் கலன்களில் பிடித்து, இறுகவிட்டு, சிடி ஸ்கேன் மூலம் குமிழிகளின் அளவையும் பரவலையும் முப்பரிமாணத்தில் கண்டார்கள். கலக்கிச் சாடியில் பிறந்த குமிழியும் உயரழுத்தக் குழாயில் பிறந்த குமிழியும் எந்த அளவுக்கு ஒன்று என்ற பழைய கேள்விக்கு இவ்வாறுதான் நேரடியான தரவு சேர்ந்தது. துறை நீண்ட காலம் ஊகத்தால் நிரப்பிவந்த இடைவெளி அது; இவ்வளவு பெரிய விலை கொடுத்த பிறகே அதில் கை வைத்தார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

நெறிமுறைகளிலும் மாற்றம் வந்தது. பாய்வு ஏற்படக்கூடிய மண்டலங்களைச் சிமென்டால் தனிமைப்படுத்துவது பற்றிய அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் 65-ஆம் பரிந்துரையின் இரண்டாம் பகுதி, 2010 அக்டோபர் விதிகளின் வழியாகக் கடற்பகுதிக் கிணறுகளுக்குக் கட்டாயமாயிற்று.

ஆயினும் எந்த நெறிமுறையும் தானாகச் செய்யாத ஒரு வேலை ஆய்வக அறிக்கையின் அமைப்பில் இருக்கிறது. வழக்கமான அறிக்கைத் தாளில் அடர்த்தி, பாகுநிலை, இறுகும் நேரம், நீரிழப்பு, வலிமை என்று எண்கள் வரிசையாக இருக்கும். நுரை நிலைத்தன்மை அவற்றின் நடுவே சில துண்டுகளின் அடர்த்தி எண்களாக மட்டும் கிடக்கும். அதைப் படித்து இது தோல்வி என்று அறியச் சிமென்ட் தெரிந்த கண் வேண்டும். மார்ச் 8 மின்னஞ்சலுக்கு நேர்ந்தது இதுதான் என்று நம்புகிறேன்: எண்கள் சென்றன, தீர்ப்பு செல்லவில்லை. இதை மாற்றப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கலவையின் இறுதி வடிவம், சேர்பொருள் அளவுகள் கடைசியாக மாறிய தேதி, அந்த மாற்றத்துக்குப் பின் எந்தெந்தச் சோதனை மறுபடி செய்யப்பட்டது, நுரை நின்றதா இல்லையா என்று சோதித்தவர் தன் சொல்லில் எழுதும் ஒரு வரி, இவை தாளின் தலையில் இருக்க வேண்டும். அந்த வரி நிரம்பாமல் பம்ப் ஓடக்கூடாது. 2010 ஏப்ரல் 19 மாலையில் அப்படி ஒரு தாள் மேடையில் இருந்திருந்தால், ஒன்பது காலன் கலவைக்கு எதிரே அந்த வரி காலியாக இருந்திருக்கும்.